பட்டன் டயர்

ஆவணி முடிவதற்குள் எங்கள் வண்டியின் பின் டயர் நடுவில் வழவழவென்று தேய்ந்துவிட்டது. என் உள்ளங்கையில்கூட அதைவிட ஆழமாக ரேகை இருந்தது. காலையில் ஆடுகளைத் திறந்துவிடப் போகும்போதும், தண்ணீர் எடுத்து வரும்போதும் குனிந்து அந்த டயரைத் தடவிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தடவினால் வளர்ந்துவிடுமா என்ன? இருந்தாலும் கை போகும். அப்படியே வானத்தையும் பார்ப்பேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் மழை வராதா என்றுதான் பார்ப்பார்கள். நான் ஒருத்திதான் ஐப்பசி வந்துவிடுமே என்று பயந்துகொண்டு பார்த்தேன். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் அருப்புக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீடு எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழி போகிற வழியில், தார் ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, எங்கள் மானாவாரிக் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது கரிசல் மண்ணில் போகிற வண்டிப்பாதை. மழை பெய்த மறுநாள் எங்கள் பக்கத்து ஆட்கள் பைக்கை ரோட்டோர டீக்கடையில் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் வருவார்கள். ஆட்டோ உள்ளே வராது. ஆம்புலன்ஸ்கூட ரோட்டில் நின்றுகொண்டு, "நீங்க இங்க வந்துருங்க" என்று போன் போடும். டயாலிசிஸ் முடிந்து வருகிற மனிதரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

டவுனில் வீடு எடுத்துத் தங்கிவிடலாமே என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆடுகளையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய் மாடியில் கட்டவா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஸ்கூட்டி இல்லை. காட்டிலும் ஓடும், தார் ரோட்டிலும் ஓடும் என்று விற்கிறார்களே, அந்த மாதிரி உயரமான பைக். அவர் நன்றாக இருந்த காலத்தில் செல்போன் டவர்களுக்கு சர்வீஸ் பார்க்கிற வேலையில் இருந்தார். டவர்கள் எல்லாம் மனிதர் போகாத இடத்தில்தான் நிற்கும். அதற்காக அதை வாங்கி வந்தார். "குதிரை வாங்கிட்டு வந்திருக்காரு, கொள்ளு யாரு போடுறது" என்று முதலில் கிண்டல் செய்தது நான்தான். மழை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சாதாரண பைக்கில் கரிசல் சேறு முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி, இறுகி, சக்கரத்தையே சுற்ற விடாது. கம்பை வைத்துக் குத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும். இந்த வண்டியில் மட்கார்டு தலைக்கு மேலே குடை பிடித்த மாதிரி சக்கரத்தை விட்டு விலகி உயரத்தில் இருக்கிறது. சேறு வரும், விழுந்துவிடும். வண்டி நிற்காது.

அவர் உடம்பு விழுந்த பிறகு, அறுப்பு முடிந்த காட்டில் அவர் வரப்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்க, நான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன். நான் கொஞ்சம் வளர்த்தி. ஒரு பக்கமாகச் சாய்த்தால் கால் தரையில் ஊன்றும். சேலையை மடித்துச் செருகி, மேலே அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பின்னால் அவரை உட்கார வைத்து அருப்புக்கோட்டைக்குள் போனால் இன்னமும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

என் பயமெல்லாம் அவருடைய இடது கையில் இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் ஆபரேஷன் செய்து, இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே மேடாக இருக்கும். விரலை வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் அடி படக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூடக் கூடாது. அந்தக் கை போனால் எல்லாம் போச்சு. போன வருடத்து மழையில் பாதையில் வண்டி வழுக்கி இருவரும் விழுந்தோம். அவர் அந்த இடது கையை மட்டும் வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி சேற்றில் கிடந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து முதல் வேலையாக அந்த மேட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் தினமும் படுக்கப் போவதற்கு முன் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிடுவேன். அவருக்கு எரிச்சல் வரும். வந்தால் வரட்டும்.

ஆக, டயர் மாற்றியாக வேண்டும். எந்த டயர் என்பதில்தான் எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. டயர் என்றால் கறுப்பாக, வட்டமாக இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர் கட்டிலில் படுத்தபடி போனில் டயர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். வெள்ளைக்காரன் மலையில் ஏறுகிறான், பாலைவனத்தில் பறக்கிறான். "இவனுக்குக் கரிசலைக் காட்டணும்" என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார். அவருக்குப் பட்டன் டயர் வேண்டும். டயர் முழுக்கத் தனித்தனிக் கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு, நடுநடுவே பெரிய இடைவெளி விட்டிருக்குமே, அது. கட்டை சேற்றில் கடித்துப் பிடிக்கும், இடைவெளியில் அப்பிய சேறு சுற்றுகிற வேகத்தில் தெறித்துப் போய்விடும் என்பது அவர் கட்சி.

எனக்கு அதைப் பார்த்தாலே பயமாக இருந்தது. நாங்கள் சேற்றில் போவது கொஞ்ச தூரம். மீதி வழியெல்லாம் தார் ரோடு. மழையில் நனைந்த தாரில் அந்தக் கட்டைகள் மட்டும்தான் தரையைத் தொடும். ஒரு லாரி குறுக்கே வந்து பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? பந்தல்குடியில் இருக்கிற என் தம்பி, தூத்துக்குடி ரோட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவன், பட்டன் டயர் போட்ட பையன்கள் மழையில் சறுக்கிக்கொண்டு போனதை எல்லாம் போனில் விலாவாரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு அவன் தூங்கிவிடுவான். நான் முழித்துக்கொண்டு கிடப்பேன். தார் ரோட்டுக்கான சாதா டயர் போட்டால் கரிசலில் விழுவோம். பட்டன் போட்டால் தாரில் விழுவோம். எங்கே விழுந்தாலும் அந்த இடது கைதான் என் கண்ணுக்குள் வரும்.

புரட்டாசி கடைசியில் ஒரு டயாலிசிஸ் நாள், ஊசி குத்தப் போவதற்கு முன்னாலேயே அருப்புக்கோட்டை டயர் கடையில் போய் நின்றோம். கடைக்காரர் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். டவர் வேலைக் காலத்திலிருந்து அவரிடம்தான் டயர் மாற்றுவது. அவர் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் சாய்த்து வைத்தார். ஒன்று பட்டன். இன்னொன்று அரைப் பட்டன், கட்டைகள் நெருக்கமாக, உயரம் குறைவாக, காட்டுக்கும் ரோட்டுக்கும் பொதுவாக இருப்பது. என் வீட்டுக்காரர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற எண்ணைப் படித்து, எந்த வருடம் செய்தது என்று பார்த்தார். ரப்பரை நகத்தால் அழுத்தினார். பொண்ணு பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. முள்ளுக்குப் பாதுகாப்பாகப் பழைய டியூபை வெட்டி டயருக்குள் உறை மாதிரி வைத்துத் தரும்படி நான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். பட்டன் டயருக்குள் அப்படி வைத்தால் சூடேறி உள்ளே இருக்கிற நல்ல டியூபையே அறுத்துவிடும், தடிமனான டியூப் போட்டால் போதும் என்றார் கடைக்காரர்.

பிறகு கடைசியாக ஒன்று சொன்னார்.

"பட்டன் டயரு சேத்துக்கு நல்லதுதாண்ணே. ஆனா தார்ல ஓட ஓடக் கரைஞ்சிரும். ஒரு மழைக்குத்தான் வரும், அடுத்த ஐப்பசிக்கு வேற போடணும். இந்த அரைப் பட்டன்னா மூணு மழை தாங்கும். சேத்துல கொஞ்சம் பாத்துப் போகணும், அம்புட்டுத்தான்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "மூணு மழைக்கு நான் எங்கப்பா இருக்கப் போறேன். ஒரு மழை தாங்குறதக் குடு, போதும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து டயரில் இல்லாத தூசியைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. விடியுமுன் எழுந்து, உப்பில்லாமல் ஒரு குழம்பு, உப்போடு ஒரு குழம்பு என்று வைத்து, தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுத்து, தாகம் தாகம் என்று அவர் கெஞ்சும்போது கல்லாக நின்று, இந்த ராட்சச வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன். இவர் உட்கார்ந்து ஒரு மழைக்குக் கணக்குப் போடுகிறார்.

"அப்ப அடுத்த மழைக்கு நான் யாரப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டுறது? அதையும் இப்பவே சொல்லிருங்க" என்றேன்.

அன்றைக்குப் பட்டன் டயர்தான் வாங்கினோம். கோபத்தில் வாங்கவில்லை, யோசித்துத்தான் வாங்கினேன். தாரில் மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம், சேற்றில் அது நடக்காது; இந்த மழையில் எது அவரை விழாமல் கொண்டுபோகும் என்று பார்த்தால் அதுதான் சரி என்று எனக்கே பட்டது. கடைக்காரர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிறவர்கள். இருந்தாலும் நான் சிலுவை போட்டுக்கொண்டு, பழத்தின் மேலேயும் ஏற்றினேன். அந்த நேரத்தில் யார் துணைக்கு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

தாரில் அந்த டயர் ஊஊவென்று ஊளையிட்டது. கைப்பிடி வழியாக நடுக்கம் தோள் வரைக்கும் ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்து இறுகும். அவர் மட்டும் பின்னாலிருந்து, "பழகிரும், பழகிரும்" என்றார். அந்த ஒரு மழைப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. நான் மறக்கவும் இல்லை. சோறு போடும்போதும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அது வந்து காதில் நிற்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டியது. விடிந்தால் டயாலிசிஸ் நாள். முதல் நாளே அவருக்கு முகம் உப்பியிருந்தது. காலையில் மழை விட்டிருந்தது. கரிசல் முழுக்கக் கறுப்பாகப் பளபளத்தது. அவர் வாசலில் உட்கார்ந்து டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார், சேற்றில் அகலமாக உட்காரட்டும் என்று. பிறகு இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் முதல் கியரில் விட்டேன்.

டயரைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அற்புதமாகப் பிடித்தது. சேறு கட்டி கட்டியாகப் பின்னால் தெறித்தது. வண்டி கொஞ்சம் ஆடும், பிறகு தானே நிமிரும். போன வருடம் விழுந்த இடத்தைத் தாண்டியபோது அவர் என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்படியே தார் ரோட்டை எட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

நடுவில் ஓடை இருக்கிறது. தண்ணீர் வடிந்து, இடுப்பளவுச் சரிவில் சேறு குழம்பிக் கிடக்கும் இடம். அங்கே சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற குடும்பம் ஒன்று குடிசை போட்டிருந்தது. அந்தக் குடும்பத்து மனிதர் அரிவாளோடு ஓடைக்கரையில் நின்றிருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. சரிவு முழுக்கப் பச்சைக் கருவேலங்கிளைகள் பாய் விரித்த மாதிரி கிடந்தன. நான் பிரேக் பிடித்து நின்றுவிட்டேன்.

"அண்ணனுக்கு ஆஸ்பத்திரி நாளுல்ல. வழுக்கிருவீகன்னு விடியக்காலமே வெட்டிப் போட்டுட்டோம்" என்றார். "பச்ச முள்ளுதான்க்கா. மடங்கிக்கிடும். டிராக்டர வேற ஏத்தி நசுக்கியாச்சு. தைரியமா வாங்க."

அந்த ஒரு பேச்சுக்கு நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் ஊரில் சேற்றுக்குக் காய்ந்த பருத்திமாரைப் போடுவார்கள், சோளத்தட்டையைப் போடுவார்கள். இவர்களிடம் இருந்தது முள்தான், அதைப் போட்டிருக்கிறார்கள். டிராக்டர் டயருக்கு அது புல். எங்கள் டயருக்கு அப்படி இல்லை. கிளைகளுக்குப் பக்கத்தில் முள்ளில்லாத இடம் இருந்தது. அது வெறும் சேறு, எவ்வளவு ஆழம் என்று தெரியாது. சேற்றில் இறங்கினால் விழலாம். முள்ளில் ஏறினால் டயர் போகும். ஒரு மாதமாக எல்லா டயரையும் எல்லா ரோட்டையும் நினைத்து நினைத்துப் பயந்தவளுக்கு, இப்படி ஒரு நிலை வரும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

பின்னால் அவர் துண்டு சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. நான் முள்ளில் ஏற்றினேன்.

விழவில்லை. கிளைகள் முறிந்து சடசடத்தன. வண்டி மேலே ஏறி அக்கரைக்கு வந்துவிட்டது. கரிக்காரர் கை தட்டினார். நானும் சிரித்துத் தலையாட்டினேன். இரண்டு வயல் தாண்டியபோது வண்டியின் பின்பக்கம் மெதுவாக உட்கார்ந்தது.

"காத்துப் போயிருச்சு. நிப்பாட்டு" என்றார் அவர். "இப்படியே ஓட்டுனா டயரு செத்துரும்."

"சாகட்டும்."

"புது டயருடி."

"தெரியும். கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

நிறுத்தினால் அவரால் நடக்க முடியாது. மூச்சு வாங்குவது அப்போதே என் பிடரியில் கேட்டது. நான் இறங்கித் தள்ளவும் முடியாது. தட்டையான டயர் சக்கரத்துக்கு அடியில் மடிந்து மடிந்து அடித்தது. வண்டி நொண்டி மாடு மாதிரி பக்கத்துக்குப் பக்கம் இழுத்தது. தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிறது, கிட்ட வரமாட்டேன் என்கிறது. மாதாவே மாதாவே என்று நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். அவர் வலது கையால் என் சட்டையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்.

டீக்கடையில் வண்டியைப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினோம். டவுனுக்குப் போகிற லோடு வண்டி ஒன்றில் பைக்கை ஏற்றி டயர் கடைக்கு அனுப்பிவிடுவதாக டீக்கடைக்காரர் சொன்னார். பஸ்ஸில் என் சேலையெல்லாம் சேறு என்று பக்கத்தில் ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்தாள். நான் அவர் கையை மடியில் எடுத்து வைத்து, துண்டை விலக்கி, விரலை வைத்தேன். ஓடியது. ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். காய்ந்த கரிசலைக் காலிலிருந்து உரித்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அவர் வெளியே வந்தபோது முகம் வற்றி, சோர்ந்து, ஆனால் மூச்சு சீராக இருந்தது. நேராக டயர் கடைக்குப் போனோம். அவரைப் பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார வைத்தேன். கடைக்காரர் எங்கள் டயரைக் கழற்றிப் போட்டிருந்தார். பக்கவாட்டில் மடிந்து கிழிந்து, உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. பட்டன்கள் மட்டும் புதுசாக அப்படியே இருந்தன. உள்ளேயிருந்து எடுத்த முள்களை ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தார். பச்சை முள் எதுவும் மடங்கவில்லை. இனி இது ஆகாது என்றார். எங்களைக் கேட்காமலேயே உள்ளே போய் இன்னொரு பட்டன் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண்ணைப் படிக்கவில்லை. நகத்தால் அழுத்தவில்லை.

"அது வேணாம்ப்பா" என்றார். "மூணு மழை தாங்கும்னு ஒண்ணு சொன்னீல்ல. அதக் குடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அரைப் பட்டன் சேற்றில் பட்டன் அளவுக்குப் பிடிக்காது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஐப்பசி இன்னும் பாதிகூட முடியவில்லை. அந்த ஓடை அங்கேயேதான் கிடக்கிறது. பட்டனே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டதையே போடுங்க என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கடைக்காரர் அரைப் பட்டனைக் கொண்டு வந்து சக்கரத்தில் ஏற்றத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் டயர் அடுக்கிலிருந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"மூணு மழைக்கு வரும்ல? நிச்சயமா வரும்ல?"